அகராதியில் இல்லாத சொற்கள்

அலுவலகத்தில் எல்லாரும் அவளை ‘அகராதி’ என்றுதான் கூப்பிடுவார்கள். யார் என்ன எழுதி அனுப்பினாலும், அதிலுள்ள பிழையைத் திருத்திவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள் என்பதால் வந்த பெயர். வீட்டிலும் அதே பெயர்தான், ஆனால் அங்கே அர்த்தம் வேறு. ‘அகராதி பிடிச்சவ’ என்று கணவன் செல்லமாகச் சொல்வான். நாத்தனார் செல்லமில்லாமல் சொல்வாள். இரண்டு அர்த்தத்தையும் அவள் மறுத்ததில்லை. தனக்கு வேலை தெரியும் என்று நினைப்பதில் என்ன தப்பு என்பது அவள் கட்சி.

வேலை தெரியும் என்பதும் உண்மைதான். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்து விற்கும் நிறுவனம் அது. ரத்தம் எடுத்த குழாயில் ஒட்டும் ஸ்டிக்கர் முதல் நோயாளியின் போனுக்குப் போய்ச் சேரும் ரிப்போர்ட் வரை எல்லாம் அந்த மென்பொருள் வழியாகத்தான் நடக்கும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் கையேட்டைப் பதினோரு வருடமாக அவள்தான் எழுதுகிறாள். ஆயிரத்து இருநூற்று நாற்பது பக்கம். இணையத்தில் இருக்கும், மேலே ஒரு தேடல் பெட்டி, அதில் எதை அடித்தாலும் பக்கம் வந்து நிற்கும் என்பது ஏற்பாடு. ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவளுக்கு அன்று சாப்பாடு இறங்காது.

நாத்தனார் குடியிருந்தது அவர்கள் வீடு இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில். அவள் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தில் அதே மென்பொருள்தான். அதனால் வாரத்தில் இரண்டு நாள் அண்ணன் வீட்டில் சாப்பிட வரும்போது, கையில் ஏதாவது ஒரு புகாரும் இருக்கும். அன்று சாயங்காலம் வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“அண்ணி, உங்க சாஃப்ட்வேர் இன்னிக்கு என் உயிரை எடுத்துடுச்சு.”

“என்ன ஆச்சு?”

“ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் ரிப்போர்ட் இன்னொருத்தர் போனுக்குப் போயிடுச்சு. அனுப்பினது நான்தான், தப்பு என்னோடதுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா போனதைத் திரும்ப எடுக்கணுமே! உங்க கையேட்டுல நாப்பது நிமிஷம் தேடினேன். ‘தப்பா போன ரிப்போர்ட்’னு அடிச்சேன், ஒண்ணும் இல்லைன்னுச்சு. ‘ரிப்போர்ட் மாறிடுச்சு’ன்னு அடிச்சேன், அதுக்கும் இல்ல. ‘ரிப்போர்ட் கேன்சல்’னா பில்லைக் கேன்சல் பண்ண வழி சொல்லுது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அந்த மனுஷனுக்கே போன் போட்டேன். அதுக்குள்ள அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டார். தனக்குச் சர்க்கரை முந்நூத்து நாப்பதுன்னு நம்பி, பொண்டாட்டி புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்கார். அந்த அம்மா அழுகுற சத்தம் எனக்குப் போன்லயே கேட்டுச்சு. நிஜமாவே சர்க்கரை இருக்கிறவர் வேற எங்கயோ ஜாலியா காபி குடிச்சுட்டிருக்கார்.”

அகராதி கரண்டியைக் கீழே வைத்தாள். “அது கையேட்டுல இருக்கு. அறுநூத்துப் பதினோராம் பக்கம். ‘வெளியிடப்பட்ட முடிவுகளைத் திரும்பப் பெறுதல்.’ நான்தான் எழுதினேன். ரெண்டே பட்டன்.”

நாத்தனார் அவள் பக்கம் திரும்பினாள். “வெளியிடப்பட்ட முடிவுகளை… எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க. பதறிப்போய் நிக்கிறவ வாயில இதெல்லாம் வருமா அண்ணி? கை நடுங்குறவன் ‘கர நடுக்கம்’னா தேடுவான்?”

கணவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான். அடங்கவில்லை.

அகராதிக்குச் சுருக்கென்றது. “தேடத் தெரியாதவங்களுக்கு நான் என்ன பண்ண முடியும்?” என்றாள். சொன்னாளே தவிர, அன்று இரவு முழுக்க அந்த அழுகைச் சத்தம் அவள் காதிலும் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் நேராக, அலுவலகத்தின் கணினிச் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் சர்வர்காரர் அறைக்குப் போனாள். அது தரைத்தளத்தில், ஜன்னலில்லாத, குளிரூட்டிய சிறு அறை. கோடையிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவரைப் பார்க்க, யாராவது வழி தவறினால்தான் வருவார்கள்.

“நம்ம கையேட்டுல யார் யார் என்னென்ன தேடினாங்கன்னு எங்கயாவது பதிவாகுதா?”

“ஆகுதே. மூணு வருஷமா.”

“யார் பார்க்கிறாங்க?”

“யாரும் இல்ல மேடம். நீங்கதான் முதல்ல கேக்குறீங்க.”

எண்பத்தாறாயிரம் தேடல்கள். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு, பெட்டி ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று கையை விரித்திருந்தது. அகராதி அந்தப் பட்டியலைத் தன் திரையில் திறந்து வைத்து வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் சிரிப்பாக வந்தது. ‘மிஷின் முறைக்குது’ என்று ஒருவர். ‘டாக்டர் கையெழுத்து போடாம ஊருக்குப் போயிட்டார்’ என்று ஒருவர். ‘ஐயோ’ என்று மட்டும் பதினேழு பேர்.

மதியத்துக்குமேல் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே ஆள் அடுத்தடுத்து அடித்ததெல்லாம் வரிசையாக இருந்தது. ‘ஸ்டிக்கர் வரல.’ ‘ஸ்டிக்கர்.’ ‘ஸ்டிக்கர் ஏன் வரல.’ ‘பிரிண்டர் ஸ்டிக்கர் வரவே மாட்டேங்குது.’ நான்கு நிமிடத்தில் நான்கு தடவை. அதோடு அந்த ஆளைக் காணோம். யாரோ ஒருவர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரே வரிசை நீள, இந்தப் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

‘ஸ்டிக்கர்’ என்ற சொல் கையேட்டில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடினாள். ஓர் இடத்திலும் இல்லை. எப்படி இல்லாமல் போனது என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவளேதான் உட்கார்ந்து, அது கொச்சையாக இருக்கிறது என்று, இருநூற்றுச் சொச்சம் இடத்திலும் ‘ஒட்டுச்சீட்டு’ என்று மாற்றியிருந்தாள். அதற்கு அந்த வருடம் ஒரு பாராட்டுக் கடிதம்கூட வாங்கினாள்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். தப்பு தன்னுடையது என்பது அவளுக்கு வலித்தது. ஆனால் இன்னொன்றும் தோன்றியது: கெடுத்தவள் தான் என்றால் சரிசெய்யவும் தன்னால் முடியும். அந்த நினைப்பில் பழைய தெம்பு திரும்பி வந்தது.

மேலாளர் அம்மாளிடம் போனபோது அவர் வேறு கணக்கில் இருந்தார். “புதுசா ஒரு தேடுபொறி வாங்கப் போறோம். நாம அடிக்கிறதோட அர்த்தத்தையே புரிஞ்சுக்குமாம். ஆறு மாசத்துல வந்துடும்.”

“வரட்டும் மேடம். நல்லதுதான். ஆனா ‘47’னு ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் தேடியிருக்காங்க. அது என்னன்னு நமக்கே தெரியல. கையேட்டுல எங்கயுமே நாம எழுதாததை எந்தப் பொறி வந்து புரிஞ்சுக்கும்? மூணு வாரம் குடுங்க. நான் சரி பண்றேன்.”

“மூணு வாரத்துல முடியுமா?”

“முடியும்.”

எப்படி என்று கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்திருக்காது. நல்லவேளையாக அவர் கேட்கவில்லை.

முதலில் அவள் செய்தது, நாத்தனாரின் பரிசோதனைக் கூடத்தில் அனுமதி வாங்கி ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்ததுதான். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். ‘வாயைத் திறக்கக் கூடாது, யாருக்கும் சொல்லித் தரக் கூடாது’ என்பது நாத்தனார் போட்ட நிபந்தனை. வாழ்க்கையில் அவள் பட்ட பெரிய கஷ்டங்களில் அதையும் சேர்க்கலாம். ஏழரை மணிக்கே வரிசை கதவைத் தாண்டி நின்றது. ஒரு பக்கம் போன், ஒரு பக்கம் குழந்தை அழுகை. ஊழியர் யாரும் தேடல் பெட்டியில் இரண்டு வார்த்தைக்கு மேல் அடிக்கவில்லை. கையுறையைக் கழற்ற நேரமில்லாமல் ஒருவர் விரல் முட்டியால் தட்டினார். தட்டியது ‘47’.

அகராதி எட்டிப் பார்த்தாள். திரையின் வலது மூலையில், எறும்பு அளவில், சிவப்பாக 47 என்று இருந்தது. பதினோரு வருடத்தில் அது அவள் கண்ணில் பட்டதே இல்லை.

அலுவலகத்துக்கு வந்து சர்வர்காரரைப் பிடித்தாள். அவர் தலையைச் சொறிந்தார். “அது பிழை எண் மேடம். குழாய்ல இருக்கிற ஸ்டிக்கரை மிஷினால படிக்க முடியலைன்னா 47. எங்க ஆளுங்களுக்காகப் போட்டது. வெளியாளுங்க அதைப் பார்ப்பாங்கன்னு நினைக்கல.”

“பார்க்கிறதுக்குத் திரையில வேற என்ன போட்டு வெச்சிருக்கீங்க?”

அவர் யோசித்தார். “வேற ஒண்ணும் இல்லதான்.”

“மொத்தம் எத்தனை எண்?”

“நூத்துப் பன்னெண்டு.”

“நாளைக்குக் காலையில எல்லாம் என் மேஜையில இருக்கணும்.”

இருந்தது. அந்த எண்களுக்கெல்லாம் விளக்கம் எழுதிச் சேர்த்துவிட்டு, அவள் வேகமாக அடுத்த வேலையில் இறங்கினாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இப்படியும் கேட்பார்கள்’ என்று ஒரு வரி சேர்த்து, மக்கள் அடித்த சொற்களையெல்லாம் அதில் கொட்டினாள். பெட்டி அந்த வரியையும் தேடும்படி சர்வர்காரர் செய்து கொடுத்தார். பத்தாம் நாள், இருவரும் உட்கார்ந்து வெள்ளோட்டம் பார்த்தார்கள். அகராதி ‘ரிப்போர்ட் மாறிடுச்சு’ என்று அடித்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் வந்து விழுந்தன. அறுநூற்றுப் பதினோராம் பக்கம் முப்பத்தெட்டாவதாக நின்றது.

சர்வர்காரர் கம்பளிச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். “முன்னாடி ஒண்ணும் கிடைக்கல, இப்போ எல்லாமே கிடைக்குது. தேடுறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே மேடம்.”

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. ‘ரிப்போர்ட்’ என்ற சொல்லை அள்ளித் தெளித்ததில், ரிப்போர்ட்டோடு கொஞ்சம் ஒட்டுறவு உள்ள பக்கங்களெல்லாம் கை தூக்கிக்கொண்டு முன்னால் வந்திருந்தன. அன்று சீக்கிரமே கிளம்பினாள். வீட்டுக்குப் போய், கணவன் எழுதி வைத்திருந்த கடைச் சாமான் பட்டியலில் மூன்று பிழை திருத்தினாள். அவள் மனசு சரியில்லை என்று அவனுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. “விடு, நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்றான்.

நாளைக்குப் பார்த்தாள். அடியில் கொட்டிய சொற்களையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை சொற்களை விட்டுவிட்டு ஆட்களைப் பிடித்தாள். ‘ரிப்போர்ட் மாறிடுச்சு’ என்று அடிப்பவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது ஒரே ஒரு பக்கம். அந்தப் பேச்சு அந்த ஒரு பக்கத்துக்கு மட்டுமே சொந்தம். இப்படி ஒவ்வொரு பேச்சையும் எடுத்து, இதைக் கேட்பவர் எங்கே நிற்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று யோசித்து, அதற்குரிய வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அறுநூற்றுப் பதினோராம் பக்கத்தைத் திறந்தபோது இன்னொரு கூத்தும் தெரிந்தது. முதல் மூன்று பத்தியும் எச்சரிக்கை. இரண்டு பட்டன் விஷயம் நான்காவது பத்தியில் ஒளிந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கி மேலே வைத்தாள். அவசரமாகத் தேடி வரக்கூடிய இருநூறு பக்கங்களில் அதே காரியத்தைச் செய்தாள். பதினெட்டாம் நாள் ‘ரிப்போர்ட் மாறிடுச்சு’ என்று அடித்தால் மூன்றே பக்கம் வந்தது. தேவையானது முதலில் நின்றது.

“இப்போ சரி,” என்றார் சர்வர்காரர். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

மிச்சம் இருந்தது தர அதிகாரியின் ஒப்புதல். கையேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து இல்லாமல் ஓர் எழுத்து வெளியே போகாது. கோடு போட்ட சட்டை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, மேஜையில் கூர் சீவி அடுக்கிய நான்கு பென்சில். புதிய பக்கங்களை வாசித்தவர், பென்சிலால் ஒரு வரியைத் தட்டினார்.

“‘ரிப்போர்ட் தப்பா போயிடுச்சு.’ இது என்னம்மா, கையேடா, தெருச்சண்டையா? தணிக்கைக்கு வர்றவங்க பார்த்தா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?”

“தப்பு நடந்தா உடனே சரி பண்ண இவங்ககிட்ட வழி இருக்குன்னு நினைப்பாங்க சார்.”

“அதுக்கு முறையான சொல் இருக்கு. நீங்கதானே எழுதினீங்க? மத்தவங்க யாராவது இப்படி எழுதிக்கிட்டு வந்தா நீங்களே திருப்பி அனுப்புவீங்க.”

“அனுப்பியிருப்பேன் சார். போன மாசம் வரைக்கும்.”

அவர் அசையவில்லை. அகராதி வாதத்தை நிறுத்திவிட்டு, அவர் கணினியில் பழைய கையேட்டைத் திறந்தாள். அதுதான் இன்னும் வெளியே இருந்தது.

“சார், ஒரு சின்ன உதவி. நீங்க ஒரு லேப்ல வேலை பார்க்கிறீங்க. இப்பத்தான் ஒருத்தர் ரிப்போர்ட்டை இன்னொருத்தருக்கு அனுப்பிட்டீங்க. அதைத் திரும்ப எடுக்கணும். கண்டுபிடிங்க.”

“இதுல என்ன இருக்கு? இந்தப் பக்கத்துல மூணு தடவை கையெழுத்து போட்டிருக்கேன்,” என்று கண்ணாடியை மாட்டினார்.

‘ரிப்போர்ட் திருத்தம்’ என்று அடித்தார். ரிப்போர்ட்டின் எழுத்தளவை மாற்றுவது எப்படி என்று வந்தது. ‘அறிக்கை ரத்து’ என்று அடித்தார். பில் ரத்து வந்தது. ‘அனுப்பியதை நிறுத்து.’ ஒன்றும் வரவில்லை. அகராதி ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். பரிசோதனைக் கூடத்து ஸ்டூலில் கற்றுக்கொண்ட வித்தை அது. ஐந்தாவது நிமிடத்தில் அவர் காது மடல் சிவந்தது. ஆறாவது நிமிடத்தில் அவருடைய கை, பக்கங்களைத் தன் போக்கில் கீழே கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

“அந்த நேரத்துல,” என்றாள் அகராதி, குரலைத் தணித்து, “தப்பான ரிப்போர்ட்டைப் பார்த்த ஒரு குடும்பம் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து அழுதுச்சு சார்.”

தர அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பின்னும் துடைத்தார்.

“தலைப்பு மாறக் கூடாது. அது முறைப்படி ஒப்புதல் வாங்கினது.”

“மாறாது சார்.”

“அடியில என்ன வேணா போட்டுக்குங்க. அந்த ‘ஐயோ’ மட்டும் வேண்டாம்.”

‘ஐயோ’வை அவள் உதவி மையத்தின் போன் எண் இருக்கும் பக்கத்துக்குக் கொடுத்திருந்தாள். நியாயமான இடம்தான். ஆனாலும் அவருக்காக விட்டுக்கொடுத்தாள்.

புதிய கையேடு வெளியானது. ஒரு மாதம் கழித்துச் சர்வர்காரர், யாரும் கேட்காமலே, ஒரு காகிதத்தோடு மேலே வந்தார். அவர் தன் அறையை விட்டு மேலே வந்ததை அலுவலகம் அதிசயமாகப் பார்த்தது. வெறுங்கையோடு திரும்பிய தேடல்கள் மூன்றில் ஒன்றாக இருந்தது, பதினாலில் ஒன்றாகக் குறைந்திருந்தது. உதவி மையத்துப் பெண்கள், ஸ்டிக்கர் பற்றிப் போன் வந்து பத்து நாள் ஆகிறது என்றார்கள். புதிய தேடுபொறியையும் வாங்கத்தான் போகிறோம் என்றார் மேலாளர் அம்மாள். ஆனால் முதலில் அதற்கு அகராதியின் பட்டியலைக் கொடுத்துப் பழக்க வேண்டும் என்று திட்டத்தையே மாற்றி எழுதச் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் மாடிப்படியில் நாத்தனார் எதிர்ப்பட்டாள். கையில் காய்கறிப் பை.

“அண்ணி, இன்னிக்கு எங்க லேப்ல புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி ரிப்போர்ட்டை மாத்தி அனுப்பிட்டா. அவங்க போனைத் திறக்கிறதுக்குள்ள திரும்ப எடுத்துட்டேன்.”

அகராதி படியிலேயே நின்றாள். பாராட்டு வரும் என்று காத்திருந்தாள். நாத்தனாரோ வெங்காயம் அழுகலாகக் கொடுத்துவிட்ட கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள்.

“இரு, இரு. தேட எவ்வளவு நேரம் ஆச்சு?”

“எதைத் தேட?”

“கையேட்டுல. ரிப்போர்ட்டைத் திரும்ப எடுக்க.”

நாத்தனார் நெற்றியைச் சுருக்கினாள். “தேடினேனா? ஆமா, ஏதோ அடிச்சேன்… வந்துச்சு. ஏன், என்ன விஷயம்?”

“ஒண்ணும் இல்ல,” என்றாள் அகராதி. தேடியதே நினைவில் இல்லை என்றதில், யாரோ ஒரு பெரிய மாலையைக் கழுத்தில் போட்டதுபோல இருந்தது அவளுக்கு. பையை வாங்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

அடுத்த திங்கட்கிழமை தர அதிகாரி அவள் மேஜைக்கு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலை இறக்கிக்கொண்டார்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நம்ம ஆபீஸ் விதிமுறைகள் இருக்கே, அதுல நாலு நாள் லீவு எப்படிப் போடுறதுன்னு காலையிலேர்ந்து தேடுறேன். கிடைக்கவே இல்ல. பொண்ணுக்குப் பிரசவம், போகணும்.”

அகராதி திறந்து பார்த்தாள். ‘பணியிடத்திலிருந்து தற்காலிகமாக விலகியிருத்தல்’ என்று இருந்தது. யார் எழுதியது என்று பார்த்தாள். அவள் இல்லை. மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதி.

அவருக்கு வேண்டிய படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர் நகரவில்லை.

“இதையும் அதே மாதிரி சரி பண்ண முடியுமா?”

“முடியும் சார்,” என்றாள் அவள், கொஞ்சமும் யோசிக்காமல். “ஆனா முதல்ல ரெண்டு நாள் ஒரு ஸ்டூல் போட்டு நடுக்கூடத்துல உக்காருவேன். யாரும் என்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். சம்மதமா?”

“நீங்க சொல்ல மாட்டீங்களா?” என்றார் அவர், நம்பாமல்.

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அகராதியும் சிரித்துக்கொண்டே ஸ்டூலைத் தேடி எழுந்தாள்.